கூறியது கூறல்

தலை கீழே, கால் மேலே.
விமானியின் முதுகு சாயும் இடத்தில் என் கெண்டைக்கால்கள்,
பெடல்களுக்கு நடுவில் முகம்,
பல்லிடுக்கில் டார்ச்.
சிலேத்தார் கொட்டகையில் செவ்வாய்க்கிழமை
இப்படித்தான் தொடங்கியது.

நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின்,
ஒரு பல் மருத்துவருக்குச் சொந்தம்.
டாக்டர் குவெக் அதிகம் பேசமாட்டார்.
போன மாதம் தியோமான் போகிற வழியில்
மேகத்துக்குள் திரை அணைந்து
திரும்ப வந்ததாம்.
"பதினொரு விநாடி" என்றார்.
எண்ணியிருக்கிறார்.
பிறகு கைப்பையைத் திறந்து
இரண்டாவது திரைக்கு முன்பணம் கட்டினார்.

பள்ளியில் என் கட்டுரைத் தாள்களின் ஓரம்
சிவப்பு மையில் தவறாமல் வரும் குற்றம்:
கூறியது கூறல்.
இருபது ஆண்டு கழித்து
அதற்குத்தான் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறேன்.
அடிவானம் இங்கே என்று ஒரு திரை சொல்லும்.
அடிவானம் இங்கே என்று
பக்கத்துத் திரையும் சொல்ல வேண்டும்,
யாரும் கேட்காமலே,
வேறு வாயால்.

பழைய காற்றுக் கருவியைக் கழற்றியதும்
பலகையில் ஒரு கண்குழி.
மூன்றே அரைக்கால் அங்குலம்.
அரைக்கால் என்று சொன்னால் புரிய
அந்தக் கொட்டகையில் ஆளில்லை,
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் எண் கம்பி, வெள்ளை உறை.
தோலை உரி, ஊசியில் செருகு, நெரி,
இழுத்துப் பார். வரவில்லை. அடுத்தது.
மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சு.
பூக்கட்டுவதுபோல் என்று எழுத ஆசைதான்,
பூச்சரம் இப்படி விரலை அறுக்காது.

மின்சாரம் வேறு வழி, பிரேக்கர் வேறு,
வாலுக்கருகில் தனியாக ஒரு சின்ன பேட்டரி.
மூன்று மணிக்கு இரண்டும் விழித்தன.
முதல் பிரேக்கரை இழுத்தேன்,
இரண்டாம் திரை இமைக்கவில்லை.
அதைப் போட்டு இதை இழுத்தேன்,
முதலாவது அப்படியே இருந்தது.
ரோஸ்மான் கட்டைவிரல் காட்டினான்.
காப்பிக்குக் கிளம்பியவன்
உள்ளே விட்ட ஸ்பானர் நினைவு வந்து
பலகைக்குப் பின்னால் கைவிட்டான்.
முழங்கை எதிலோ பட்டது.
இரண்டு அடிவானமும்
ஒன்றாகச் செத்தன.

"அலாமாக்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணினேன். நான்கு.
பிறகு வந்தது வெளிச்சம்.

தீத்தடுப்புச் சுவரில் ஒரு திருகுத் தண்டு.
முதல் திரையின் எர்த் கம்பி அதில்.
இரண்டாம் திரையுடையதும் அதில்.
துணை பேட்டரியின் கறுப்புக் கம்பியை மட்டும்
ஏன் விடுவானேன்,
அதையும் அதில்.
இடமிருந்தது, மாட்டினேன். நான்தான்.
பிறகு இறுக்கிக்கொள்ளலாம் என்று
விரலால் முடுக்கிவிட்ட ஒரு நட்டில்
இரண்டு வானமும் தொங்கியிருக்கின்றன.

இறுக்கினால் போதும் என்றான் ரோஸ்மான்.
போதும்தான். வரைபடம்கூட
இதைப்பற்றி வாய் திறக்கவில்லை.
நூலை வெட்டினேன்.
அறுபத்து நான்கு முடிச்சு.
எதிர்ப்பக்கம் புதுத் துளை, புதுத் தண்டு,
பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட
அடியில் உலோகம் பளிச்சிட்டது.
ரோஸ்மான் காப்பி வாங்கப் போகவேயில்லை,
டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு
நானே ஒரு நட்டைக் கழற்றினேன், வேண்டுமென்றே.
ஒரு திரை இருண்டது.
மற்றது
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

செங்காங், பதினான்காம் மாடி.
வீட்டை ஒப்படைத்த நாளில்
தனியாள் என்று பார்க்காமல்
இரண்டு சாவி கொடுத்தார்கள்.
ஆறு ஆண்டாக இரண்டும் ஒரே வளையத்தில்.
மின்தூக்கிக்குள் நகத்தால் வளையத்தை நெகிழ்த்தி
ஒன்றை மட்டும் எடுத்தேன்.
நகம் உடைந்தது.

கைக்குள் சூடேறிக்கொண்டிருக்கிறது சாவி.
யாரிடம் கொடுப்பது என்று
பத்தாம் மாடிவரை
ஒரு பெயரும் வரவில்லை.