ஐப்பசி ஏழு

பதிவுச் சான்றிதழ் வந்த அன்று
டானிங்டன் பேக்கரியில்
எல்லோருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்தேன்.
பதினெட்டு வருஷம்
அரவேணு முதல் கோடநாடு வரை
முடித்துக் கொடுத்த பூமியில்
ஒரு செண்டுக்கும் என் பெயர் தாளில் இல்லை.
சாட்சிக் கையெழுத்தையும்
டீக்கடைப் பையன்தான் போடுவான்.
நான் ஜீப்புக்குள்
கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பேன்.

இப்போது எனக்கும் ஓர் எண்.
பெயரைவிட நீளம்.
விசிட்டிங் கார்டில் மலையை எடுத்துவிட்டுத்தான்
அதற்கு இடம் பண்ண முடிந்தது.

மாட்டுச் சந்தையில் மாமா
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்.
எனக்குத் துண்டு தேவைப்படவில்லை.
விற்பவரிடம் ஒரு விலை,
வாங்குபவரிடம் ஒரு விலை,
நடுவில் மூடுபனி.

இனி தரகை எழுதித் தர வேண்டுமாம்,
எண்ணாலும் எழுத்தாலும்.
பதிவில்லாத மனையைக் காட்டினால்
நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை போகுமாம்.
வக்கீல் வாசிக்க வாசிக்க
ரஃபீக் சிரித்தான்:
"நான் புரோக்கரே இல்லண்ணே.
வழி காட்டுறவன்.
வழி காட்டுறதுக்கு ஏது சட்டம்?"

பங்குனிக் கடைசியில்
இ-பாஸ் எடுத்துக்கொண்டு திருப்பூரிலிருந்து வந்தார்கள்.
அவர் தெய்வசிகாமணி, பனியன் கம்பெனியில் கணக்கு.
அந்த அம்மாவின் பெயரை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

தேயிலையைப் பிடுங்கி
ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி விட்டு
ஆறு துண்டு போட்ட சரிவு.
ரஃபீக்கும் நானும் பாதிப் பாதி என்று பேச்சு.
அனுமதி மூன்று வருஷமாக
வந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு
மண்ணில் நின்று கேட்டார்:
"மழைக்காலத்துல இங்க எப்படிங்க இருக்கும்?"

இதற்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்:
'மேகம் உங்க சமையல்கட்டுக்குள்ள வந்துட்டுப் போகும்ங்க.'
வாயைத் திறந்தேன்.
சட்டைப் பையில் கார்டு உறுத்தியது.

"ஐப்பசியில தண்ணி வரும்ங்க.
அதோ அந்தப் பாறையிலிருந்து இறங்கி
நீங்க நிக்கிற இடம் வழியா.
அனுமதியும் இல்லைங்க."

நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
பத்தாயிரத்தை முந்நூற்று அறுபத்தைந்தால்
முந்தின ராத்திரிதான் பெருக்கிப் பார்த்திருந்தேன்.

தெய்வசிகாமணி என்னை ஓரமாக அழைத்துப்போய்
தோளில் கை வைத்தார்:
"சரி, எவ்வளவு குறைப்பீங்க?"

ஆனியில் ரஃபீக் முடித்துக் கொடுத்தான்.
பத்திரத்தில் அது இன்னும் தேயிலைத் தோட்டம்தான்.
மேலே ஒரு கன்டெய்னர் வீடு வந்து உட்கார்ந்தது.
அஸ்திவாரம் கிடையாது,
ஆகவே கட்டடமும் கிடையாது என்றான்.
அவன் புரோக்கர் இல்லாத மாதிரியே.

நான் இந்த வருஷம்
இரண்டு வாடகை, ஓர் ஒத்தி.
ரசீது போட்டேன்.
ரசீதைப் பார்த்த வீட்டுக்காரர்
அடுத்த வீட்டை ரஃபீக்கிடம் கொடுத்தார்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மேல் போன்.
தகரத்தில் மழை அடிக்கும் சத்தம்,
அதற்குள் எங்கோ ஒரு குரல்.
"நான் மலர்க்கொடிங்க."
எந்த மலர்க்கொடி?
"கார்டுல மேல இருந்த நம்பருக்குத்தான் போட்டேன்,
ரொம்ப நேரம் போட்டேன், போகல.
அப்புறம்தான் கீழ இதைப் பார்த்தேன்."

இரும்புத் தரையில்
யாரோ எதையோ இழுத்தார்கள்.

"தண்ணி வரும்னீங்களே,
எந்த மாசம்னு சொன்னீங்க?"

"ஐப்பசிங்க."

"இன்னைக்கு என்ன தேதி?"

விளக்கைப் போட்டு
நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன்.
ஏழு.
சொல்லிவிட்டு
ஜீப் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.
மீதி இருபத்து மூன்று நாளைப் பற்றி
அவரும் கேட்கவில்லை.