ஐம்பது மில்லிமீட்டர்

கெட்டரிங் தொழிற்பேட்டையில் மழை.
டோனா மூன்றையும் மேசையில் பரப்பினாள்,
மீன்கடையில் பரப்புகிறமாதிரி.

இது நிலையானது, அன்னக் கழுத்து.
பூட்டினால் பூட்டினதுதான். விலை குறைவு.
இது கழற்றுவது, சாவி உண்டு.
வேலை முடிந்தால் டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
இதோ, இது பொத்தானை அமத்தத் தானே மடங்கும்.
அதன் விலைக்கு மட்டும்
குரலைத் தாழ்த்தினாள்.

தயாபரனுக்குக் கழற்றுவதில் கண்.
வேர்ஹவுஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்:
நிலையானதைப் போட்டால்
கறுத்தக் குண்டு வருடம் முழுக்க நீட்டிக்கொண்டு நிற்கும்,
வருகிறவன் போகிறவன் கால் எலும்பெல்லாம் அதில்தான்,
காரை விற்கப் போனாலும் விலை விழும்.
எல்லாம் சரிதான்.

என்ன பாரம் இழுக்கவேண்டும்?
ஆயிரத்து இருநூறு கிலோ. பழைய காரவன். நான்கு கட்டில்.
வருடத்தில் எத்தனை தரம்?

அதற்கு எங்களிடம் விடை இல்லை.

எப்படிச் சொல்வது,
எங்கள் வீட்டில் ஒருவனுக்கு
ஒரேயொரு கட்டிலில்தான் நித்திரை வரும் என்று.
பிளாக்பூலில் ஹோட்டல் எடுத்த இரவு
விடியும்வரை கதவடியில்
சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான் துவாரகன்.
அதற்குப் பிறகு ஐந்து வருடம்.
கலியாணவீடோ செத்தவீடோ
ஒருவர் போனால் ஒருவர் நின்றோம்.
காரவன் வாங்கினது கடல் பார்க்க இல்லை,
ஒரு கட்டிலுக்குச் சில்லுப் பூட்ட.

மூன்று மாதம் அது வாசலிலேயே நின்றது.
முதலில் படியில் குந்தினான்.
பிறகு உள்ளே, கதவைத் திறந்துவைத்து.
ஒருநாள் இரவு
போர்வையைத் தூக்கிக்கொண்டு தானே போனான்.
நாங்கள் ஜன்னலில் நின்றோம், மூச்சு விடாமல்,
கள்ளரைப் பார்க்கிறவர்களைப்போல.

இப்போது அந்த மேசையோடு,
பதினாறு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம்,
நிலையானதன் உருண்டையில்
உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறான்.
எடுக்கவேயில்லை.
கிரீஸ் அப்பு, கை ஊத்தையாகும் என்றேன்.
ஐம்பது மில்லிமீட்டர் என்றான்.
அன்றைக்கு அவன் பேசிய முதல் சொல்.
சரியாகச் சொன்னாய் என்றாள் டோனா,
இங்கிருந்து கிரேக்கம் வரைக்கும் அதே ஐம்பது.

தயாபரன் சாவியைக் கீழே வைத்தார்.
சோபாவை ஒரு சாண் நகர்த்தினால்
மூன்று நாள் சோறு இறங்காத வீடு எங்களுடையது.
நேற்று இருந்தது இன்றைக்குக் காணாமல் போக
நாங்களே இருநூறு பவுண் கூடக் கொடுப்பதா?

நிலையானது என்றால் ரிவர்ஸில் சென்சர் கத்தும்,
பின்னால் எப்போதும் யாரோ நிற்பதாக நினைத்து.
வாயை அடைத்துவிடவா?
அடையுங்கள் என்றோம்,
இரண்டு பேரும் ஒன்றாக.

மூக்குப் பாரம் எழுபத்தைந்தைத் தாண்டக்கூடாதாம்.
குறைந்தால் காரவன் வாலாட்டும்,
கூடினால் கார் பின்பக்கம் குந்தும்.
குளியலறைத் தராசைக் கொண்டுவந்து
மரக்கட்டை வைத்து மூக்கை இறக்கினோம்.
எண்பத்தாறு.
முன்பெட்டியில் கிரைண்டர், பத்துக்கிலோ அரிசி,
எதற்கும் இருக்கட்டுமென்று நான் வைத்தவை.
அரிசி அச்சுக்கு மேலே போனது,
கிரைண்டர் வீட்டுக்குப் போனது.
ஹன்ஸ்டன்டனில் இரண்டு நாள் தோசை இல்லாமல்
யாரும் சாகமாட்டார்கள் என்றார் தயாபரன்.
எழுபது.
தான் ஏறி நின்று பார்த்தார், எழுபத்தொன்று.
அப்போ என்னைத்தான் கொளுவி இழுக்கிறோம்!
துவாரகன் சிரிக்கவில்லை.
இலக்கத்தை மட்டும் இரண்டுதரம் வாசித்தான்.

பள்ளிக்கூட வான் வருமுன்
காலையில் ஒருமுறை அதைத் தொடுகிறான்.
மூடிபோட்டால் கழற்றிவிடுகிறான்.
அவன் சட்டைகளில் இப்போது
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத ஐந்து விரல்.

நேற்றிரவு குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போகையில்
என் கால் எலும்பு அதில் போய் இடித்தது.
கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
வாய்வரை வந்த சத்தத்தைக்
கையால் பொத்திக்கொண்டு
இருட்டில் ஒற்றைக்காலில் நின்றேன்.
பக்கத்தில், தகரத்துக்கு அந்தப்பக்கம்,
அவனுடைய குறட்டை.