நாலு பேர் சொன்ன நிறம்

நாலு பேர் என்ன சொல்வாங்க
என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.
அன்றைக்கு நாலு பேரும் சொல்லிவிட்டார்கள்:
ரோஸ்.

சின்னப்பையன்கொட்டாய், புது போர்.
மேல்நிலைத் தொட்டிக்கு அடித்த பெயின்ட் காயவில்லை.
மறுநாள் திறப்பு விழா, வாழைமரம் இரண்டும்
கட்டியாகிவிட்டது.
தர்மபுரியில் ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள்:
கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர்,
மருந்து பத்துச் சொட்டு, குலுக்கி வைத்து
அட்டையோடு ஒப்பிட வேண்டும்.
ரோஸ் என்றால் குடிக்கலாம்.
மஞ்சள் என்றால்,
எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும்போது
கையால் வாயை மூடிக்கொள்கிறார்களே, அது.

சார்தான் முதலில் பார்த்தார்.
வெயிலுக்கு நேரே தூக்கி, 'நல்ல ரோஸ்.'
தலைவரம்மாவின் வீட்டுக்காரர் பார்க்காமலே.
ஆபரேட்டர் வேடியப்பன்
குழாயைப் பார்த்து, சாரைப் பார்த்து, பிறகு.
என்னோடு பயிற்சிக்கு வந்த குப்பம்மா
கையில் வாங்கக்கூட இல்லை.
'அதேதான் சார்.'

சத்தியமாகச் சொல்கிறேன்,
ஒரு நொடி எனக்கும் ரோஸாகத்தான் தெரிந்தது.
நாக்கு தயாரானதும்
கண்ணும் பின்னாலேயே போய் நின்றுகொண்டது.
யாரும் மிரட்டவில்லை. அதுதான் சங்கடம்.
மிரட்டியிருந்தால் முறைத்திருப்பேன்.
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு
'வா வா' என்று கூப்பிடுகிற மாதிரி
அன்பாகக் காத்திருந்தார்கள்.
எனக்கென்று ஒரு கலர் சோடா
மூடி திறந்தே இருந்தது.

ஓசூர்ப் பக்கம் ஆறு வருஷம்
பசுமைக்குடிலில் ரோஜா பிரித்தவள் நான்.
குளிர் அறையில் நின்று
ரோஸுக்குள் பதினோரு ரோஸ் பார்த்தவள்.
ஒரு பூ மாறிக் கட்டுக்குள் போனால்
ஒரு நாள் கூலி போகும்.
அந்தப் பழைய பயம் வந்து
இந்தப் புதுப் பயத்தை இடித்துத் தள்ளியது.
தைரியம் என்று எழுதிவிடாதீர்கள்.
எப்போதோ விட்டு வந்த சூப்பர்வைசர் ஒருத்தன்
காதுக்குள் 'சரியாப் பாரு' என்று கத்தினான்,
அவ்வளவுதான்.

'மஞ்சள்' என்றேன்.

'ஏம்மே, வெயிலு கண்ணைக் கூசுது,
நெழலுக்கு வந்து பாரு.'
போனேன். நிழலிலும் மஞ்சள்.
'லேசான ரோஸ்னு வச்சுக்கலாமே.'
வச்சுக்கலாம்.
எவ்வளவு மெத்தையான சொல்!
எத்தனை ராத்திரி அதில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

மறுப்பு என்று அதற்குப் பேர் வைத்தது சார்.
திமிரு என்றவர் தலைவரம்மாவின் வீட்டுக்காரர்.
நான் ஒரு நிறத்தின் பெயரைச் சொன்னேன்.

பதிவேட்டில் நாலு கையெழுத்து விழுந்தது.
ஐந்தாவது கோட்டைப் பார்த்தபடி
சார் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்,
திறந்தார்.
சோடாவை யாரோ குடித்துவிட்டார்கள்.

முழங்கால் நடுங்கியது
வீட்டுக்கு வரும் வழியில்தான்.
கேழ்வரகுக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து
பாதி தூரத்தில் ஒரு தடவை
திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா
என்றுகூட எழுந்தேன்.
தொட்டி அங்கிருந்தே தெரிந்தது,
நீலமாக, எல்லாருக்கும் நீலமாக.

குழாயை நான் கழுவவில்லை.
ராத்திரி பல்பு வெளிச்சத்தில்
நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.
மூன்று தடவை மஞ்சள்.
ஒரு தடவை, எப்படியோ, ரோஸ்.

விடியலில் கதவு தட்டும் சத்தம்.
குப்பம்மா.
தூக்குவாளியில் அவள் வீட்டு போர்த் தண்ணீர்.
'நேத்து நான் பாக்கவே இல்ல' என்றாள்.

'சோடா நல்லா இருந்துச்சா?' என்றேன்.

கையால் வாயை மூடிக்கொண்டு
சிரித்தாள்.