ஐம்பதும் அறுபதும்

இரவு பதினொன்றுக்கு மேல்
ஒசாகாவுக்குத் தெற்கே, சாகாயில், ஆறாவது மாடியில்
சிகுசா ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறாள்.
இசைக்கு முன்னால் ஒரு ஊம்.
இசை முடிந்த பிறகும் ஊம்.
நடுவில் இசை இருந்ததா என்பதே
சில ராத்திரிகளில் சந்தேகம்.

முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகித்தாள்.
பிளக்கைப் பிடுங்கினாள்.
காலையில் டோஃபு புளித்துப்போனதுதான் மிச்சம்.
அப்புறம் ரைஸ் குக்கர்,
சூடேறும் கழிவறை இருக்கை,
வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மேசைவிளக்கு.
விளக்கை அணைத்ததும்
கொசுவளவு ரீங்காரம் ஒன்று போனது உண்மை.
ஊம் மட்டும்
கடன் கேட்டு வந்தவனைப் போல
வாசலிலேயே நின்றது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் பாதி குறைகிறது.
பழைய ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பில்
விரலை வைத்தால் இன்னும் குறைகிறது.
எடுத்தால் வந்துவிடுகிறது.
அன்றைக்கு ஒரு சோனாட்டா முழுக்க
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் போல
அதைத் தொட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை, நிப்பொன்பாஷி, குவபாதாவின் கடை.
“ஹெட்ஃபோன் எத்தனை ஓம்?”
“முந்நூறு.”
“ரயிலில்?”
“இயர்ஃபோன். பதினாறு.”
குவபாதா மூக்கைச் சொறிந்தார்.
ஒருவனுக்கு அண்டாச் சோறு, ஒருவனுக்கு ஒரு கவளம்,
கரண்டி ஒன்றுதான் என்றால் எப்படி?

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.
ஒன்றில் வால்வுகள், உள்ளே அந்திவெயில்,
விலை மூன்று மாத வாடகை.
முந்நூறு ஓமில் தேன்.
பதினாறை மாட்டியதும்
பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூட மறந்த
உஸ்ஸ்.

மற்றது கறுப்பு. சோப்புப் பெட்டி அளவு.
இசையை நிறுத்தினார்,
குமிழைக் கடைசிவரை திருகினார்,
“இப்போது கேளுங்கள்” என்றார்.
கேட்டாள்.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் காசு கொடுத்து வாங்கினாள்.

பில் போடும்போதுதான் சொன்னார்:
“உங்கள் ஊம் இதனால் போகாது.
அது பெட்டியில் இல்லை. தரையைத் தேடுகிறது.
எந்த ஊர் நீங்கள்?”
“சென்டாய்.”
“அங்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது துடிப்பு.
இங்கே அறுபது. கவனித்தீர்களா?”
கவனிக்கவில்லை.
வேலை மாறி வந்தவள்
கவனிக்க வேறு எவ்வளவோ இருந்தது.

வீட்டில் எர்த் இருந்த ஒரே இடம்
வாஷிங் மெஷினின் பின்னால், ஒரு துருவேறிய திருகு.
அங்கிருந்து ஏழு மீட்டர் பச்சைக் கம்பி,
குளியலறைக் கதவின் அடியால்,
செருப்பு அலமாரியைச் சுற்றி,
மேசைவரை.
கம்பியின் நுனி பெட்டியைத் தொட்டதும்
ஊம் போயிற்று,
யாரோ ஊதி அணைத்ததைப் போல.

நான்கு வருடத்துக்கு முந்திய பதிவைப் போட்டாள்.
சென்டாயில் ஒரு நிலவறை.
ருய்கோவின் பியானோ, தெத்சுஹெய்யின் டிரம்,
தன்னுடைய பாஸ் கிளாரினெட்.
தான் மூச்சிழுப்பது கேட்டது. சாவிகளின் தடதட கேட்டது.
எல்லாவற்றுக்கும் கீழே
இன்னொரு ஊம்.

கம்பியைப் பார்த்தாள். திருகை இறுக்கினாள்.
பிறகு கையை எடுத்துவிட்டாள்.
இது அறையுடையது இல்லை. தணிந்தது.
மைக்கின் வழியே அன்றைக்கே உள்ளே வந்த ஐம்பது.
இத்தனை நாளும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான்
அப்படி நடுங்கியிருக்கின்றன.

சிகுசாவுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
ஐம்பதைக் குரல் என்று பிடித்தால்
அறுபது போய் விழுவது கைக்கிளையில்.
ஒரு சுரத்துக்கும் ஒருதலைக் காதலுக்கும்
ஒரே பெயர் போதும் என்று
எங்கள் ஆட்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

கணினியில் அந்த ஐம்பதை அறுத்துப் பார்த்தாள்.
சுலபமாகப் போனது.
கூடவே நிலவறையும் போனது.
மூன்று பேர் எங்கேயும் இல்லாமல்
வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
பழையபடி வைத்தாள்.

ஒன்றே கால் மணிக்கு ருய்கோவுக்கு எழுதினாள்:
“அந்த அறையில் ஃபிரிட்ஜ் இருந்ததா?”
“பீர் வைக்க. இன்னும் இருக்கிறது. ஏன்?”

ஏன் என்பதற்கு இன்னும் பதில் போடவில்லை.
காலையில் பல் துலக்கப் போகும்போது
பச்சைக் கம்பி கால்விரலில் மாட்டியது.
தாண்டிப் போனாள்.