இடது ஸ்பீக்கர்

பதினோரு வருஷம் ராத்திரி டிராம் ஓட்டினேன்,
வூச் நகரத்தில்.
பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினேன்.
அந்தப் பகல்களையெல்லாம் போகுமிவ்
ஹெட்போனோடு கழித்தார்.

நவம்பரில் பணி ஓய்வு.
ஒரு சுவர்க்கடிகாரம், ஏழு கார்னேஷன், கைகுலுக்கல்.
முதல் ஞாயிறு, காலை பத்து மணி,
விழித்திருக்கிறேன்.
"எனக்கும்தான் கேட்கட்டுமே" என்று
ஸ்டீரியோவிலிருந்து பின்னைப் பிடுங்கினேன்.

வலது ஸ்பீக்கர் பேசியது.
இடது வாயைத் திறக்கவில்லை.

"ஸ்பீக்கர் போச்சு" என்றார்.
தீர்ப்புதான், ஆனால் கிசுகிசுப்பாக.

பின்னால் வயர்களை இடம் மாற்றிச் சொருகினேன்.
இப்போது இடது பேசியது, வலது ஊமை.
ஆக, ஸ்பீக்கர்கள் இரண்டும் நிரபராதிகள்.
பேலன்ஸ் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
ஹெட்போனை மாட்டினால் இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்கிறது
(வலது பஞ்சு தேய்ந்து நார்நாராய்,
இடது பஞ்சு வாங்கிய அன்று போல)
பிடுங்கினால் மறுபடி ஒற்றைப் பக்கம்.
பின்னைப் பாதி இழுத்துச் சற்றே திருகியபோது
கரகரவென்று
ஒரு நொடி எல்லாம் வந்து, போயிற்று.

அந்தக் கரகரப்பை எனக்குத் தெரியும்.
ஜனவரி விடியலில் மேற்கம்பியில் பனி உறைந்தால்
டிராமின் தலைக்கு மேல் அப்படித்தான் பொரியும்,
நீல நீலமாய்.
மோட்டாரில் கோளாறு இருக்காது, கம்பியிலும் இருக்காது.
நடுவில் மயிரிழைப் பனி.
தொட்டால் ஓடும், தொடாவிட்டால் நிற்கும்
என்று டிப்போவில் முதல் நாளே சொன்னார்கள்.
கல்யாணமும் அப்படித்தான் என்று
பின்வரிசையில் எவனோ சிரித்தான்.

சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட்டு
அரைமணி நேரம் காத்திருந்தேன்.
மேல்மூடியில் எட்டுத் திருகுக்கு இடம்,
ஏழுதான் இருந்தது.
"எட்டாவது எங்கே?"
டார்ச் பிடித்திருந்தவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜாக்கின் வயிற்றில்
நகத்துணுக்கு மாதிரி இரண்டு தகடுகள்.
பின் நுழைந்தால் விலக வேண்டும், ஸ்பீக்கர்கள் அடங்கும்.
பின் போனதும் திரும்பி வந்து ஒட்டவேண்டும்.
ஒன்று வந்துவிட்டது.
மற்றது கறுத்துப்போய்
விலகின இடத்திலேயே நின்றது.
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
அதன் கணக்கில் நான் இன்னும் தூங்குகிறேன்.

செர்ரி ஊறப்போட வைத்திருந்த ஸ்பிரிட்.
ஓய்வூதியக் கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து
நனைத்து, நடுவே நுழைத்து, இழுத்தேன்.
கறுப்பு.
இன்னொரு கீற்று, சாம்பல்.
மூன்றாவது கிட்டத்தட்ட வெள்ளை.
பிறகு ஊசிமுனையால் தகட்டைத் துளி உள்ளே தள்ளி
காய்ந்த பின் ஹெட்போனை
இருபது தடவை குத்திக் குத்தி எடுத்தேன்.

மூடியைப் பூட்டுகையில்
பொத்தான் டப்பாவிலிருந்து எட்டாவது திருகு வந்தது,
ஒரு வார்த்தையும் இல்லாமல்.
நானும் கேட்கவில்லை.

கேசட் ஓடியது.
இரண்டு பக்கமும்.
வால்ட்ஸ் என்று நினைத்திருந்தேன், இத்தனை வருஷம்.
ஓர் ஆள், அவசரமில்லாத குரல்,
ரேடியோவில் ஆறுகளின் நீர்மட்டம் வாசிக்கிறான்.
விஸ்துலா, சந்தோமியேஷில், இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம்.
வார்த்தா, செராட்ஸில், மாற்றமில்லை.

"இதையா கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?"
"பாட்டென்றால் மனசு அதிலேயே போய்விடும்" என்றார்.
"நீ கூப்பிட்டால் கேட்க வேண்டாமா?"
இடது காதைத் தடவிக்கொண்டார்.

நான் கேசட் டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தேன்,
துடைக்க ஒன்றுமில்லாவிட்டாலும்.

நாரெவுக்கு வரும்போது
கீழ்வீட்டு ஹால்ஷ்கா வெந்நீர்க்குழாயில் தட்டினாள்,
மூன்று தட்டு.
பதினோரு வருஷத்தில் எங்களைப் பற்றி முதல் புகார்.
அவர் கை வழக்கம்போல் ஹெட்போனுக்குப் போனது.
"பூக் ஆறு வரட்டும்" என்றேன்.
"சத்தமாகப் பேசுங்கள், கேட்கவில்லை."