முதலில் பிரேக்

நான் முதன்முதலில் பார்த்தபோது
ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி
முட்டையிட்டுக்கொண்டிருந்தது.
நோர்வூட்டில் தகரக் கொட்டகை.
பின்பெட்டிக்கு மூடி கிடையாது,
கதவுக்கு வெளிப்பிடி கிடையாது,
பொனட்டின் மேல் முழித்த இரண்டு கண்கள்.
ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஸ்ப்ரைட்.
விலை படிந்ததும் சொந்தக்காரர் சொன்னார்:
கோழி இதில் சேர்த்தி இல்லை.

எவ்வளவு ஓடும் மிஸ்?
எல்லோருக்கும் இதே கேள்வி.
காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்த பையனும் கேட்டான்.
அவனுடைய மோட்டார் சைக்கிள் எவ்வளவு ஓடியது என்று
எனக்குத் தெரியும்.
எங்கே நின்றது என்றும்.

டிக்கோயாவில் எட்டு வருடம், எலும்புமுறிவு வாட்.
கினிகத்தேனை வளைவுகளை
நான் பாதையாகப் பார்த்தது குறைவு;
வெளிச்சப் பெட்டியில் மாட்டிய
தொடையெலும்புகளாகப் பார்த்ததே அதிகம்.

ஆகவே நவ்ஷாத்திடம் சொன்னேன்: முதலில் பிரேக்.
அவர் முகம் சுருங்கிப்போயிற்று.
டட்சன் சன்னியின் ஐந்து கியர் பெட்டியொன்றை
எனக்கென்றே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.
"மேட்டுல பாடிக்கிட்டே ஏறும் மிஸ்."
மேட்டில் ஏறாவிட்டால் இறங்கி நடக்கலாம், என்றேன்.
இறக்கத்தில் அது முடியாது.

கொழும்பிலிருந்து சொலமன்ஸ் அழைத்தார்.
தீவில் இன்னும் உயிரோடிருக்கும் ஸ்ப்ரைட்டுகளுக்கு
பெயரும் இலக்கமும் எழுதிப் பேரேடு வைத்திருப்பவர்.
தொழிற்சாலை போட்ட ட்ரம்மைக் கழற்றினால்
பாதி மதிப்புப் போய்விடும், என்றார்.
யாருடைய மதிப்பு என்று கேட்கப் போனேன்,
ஆறாம் கட்டிலில் மணி அடித்தது.

பஞ்சிகாவத்தையில் மூன்று லீவு நாள்.
நான்காவது நாள் ஒரு குவியலின் அடியில்
இதே குடும்பத்தில் பின்னால் பிறந்த ஒன்றின்
முன்னச்சு, டிஸ்க்கோடு.
பிரேக் பேட் குவைத்திலிருந்து வந்தது,
பால்மா டின்களுக்கிடையில், துவாயில் சுற்றி.
சுங்கத்தில் கேட்டார்களாம், இது என்னவென்று.
அக்காவின் சப்பாத்து, என்றாளாம் நிரோஷினி.
குணதிலக பாஸ் லேத்தில் ஒரு புஷ் கடைந்தார்.
அரை மில்லிமீற்றர் கூடிவிட்டது, மறுபடி கடைந்தார்.
காசு வாங்கவில்லை.
லாச்சியிலிருந்து தன் முழங்கால் படத்தை எடுத்து நீட்டி
என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

காற்றெடுத்த நாளில் நல்ல மழை.
நவ்ஷாத் உள்ளே, கால் மிதியில்.
நான் சக்கரத்தடியில், ஒரு முழம் சேலைன் குழாயோடு.
அமத்துங்க.
பிடிச்சுக்கிருங்க.
விடுங்க.
முதலில் பழுப்பு. பிறகு குமிழ்கள், மணிமணியாக.
பிறகு ஒன்று.
முடிஞ்சுது மிஸ், என்கிறார் உள்ளேயிருந்து.
இல்லை.
நரம்புக்குப் போகும் குழாயில் கடுகளவு காற்றுக்காக
விடிகாலை இரண்டு மணிக்கு விழித்திருந்த கண் இது.
இன்னொரு தரம் அமத்துங்க.
வந்தது.
கடுகிலும் பாதி.

அன்றே காபரேட்டரையும் பார்த்தோம்.
கடல் மட்டத்துக்கு அளந்து வைத்த கலவை,
நாலாயிரம் அடியில் மூச்சுமுட்டிக் கறுப்பாகத் துப்பியது.
நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினோம்.
துப்புவதை நிறுத்திவிட்டுச் செருமத் தொடங்கியது.

ஞாயிறு. வட்டவளை தாண்டி இறக்கம்.
மூன்றாம் வளைவில், பனிக்குள்ளிருந்து,
புல்லுக்கட்டோடு ஒருவர், பின்னால் ஆடு.
மிதித்தேன்.
மூக்கு சற்றே தாழ்ந்தது. எந்தப் பக்கமும் இழுக்காமல்
நின்றது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆடு பார்த்தது.
இந்த வளைவுக்கு இன்று
யாரும் படம் எடுக்கப்போவதில்லை.

கீழே தேத்தண்ணிக் கடையில் ஒரு சிறுவன்
கண்ணாடித் துடைப்பானைத் தொட்டுப் பார்த்தான்,
கையோடு வந்துவிட்டது.
எவ்வளவு ஓடும் என்றான், அதை என்னிடம் தந்தபடி.
ஆட்டுக்கு நாலடி முன்னால் நிற்கும், என்றேன்.
அவனுக்குப் பிடிக்கவில்லை அந்தப் பதில்.

திரும்பி ஏறும்போது, லொறியொன்றின் பின்னால்,
இரண்டாம் கியரில் ஒரே அலறல்.
சரி, அந்தச் சாக்கை விலக்கி
ஒருமுறை பார்த்தால்தான் என்ன.