விதை எண் 600039

முப்பது நாள் இலவசத்தில்
இன்னும் நான்கு நாள் மிச்சம்.
அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்
எட்டு ஜிபி லேப்டாப்புக்கும்
அதற்கு இஎம்ஐ கட்டும் கார்டுக்கும்.

வாங்கிடு என்கிறான் இம்தியாஸ்,
பெருங்குடி ஸ்டுடியோவின் ஏசிக்கு அடியிலிருந்து.
"நோடை நோடோட கோத்து வுடு,
துரு தானா பூக்கும்."

பூத்தது.
ஒரு கம்பியை இழுத்து இன்னொன்றில் செருகியதும்
சாம்பல் தகரத்தில் செம்மண் படர்ந்தது.
அளவு, அடர்த்தி, ஆழம் என மூன்று ஸ்லைடர்.
அவற்றின் கீழே ஒரு பெட்டி: விதை எண்.
எண்ணை மாற்றினால்
வேறொரு துரு.
எங்கள் பின்கோடைப் போட்டேன்.
வந்த துருவுக்கு வியாசர்பாடி தெரியவில்லை.
கூட்ஸ் வண்டி போகும்போது
எந்த மூலை முதலில் உதிரும் என்று தெரியவில்லை.
கிழக்கு பார்த்த தகரம்தான் இங்கே முதலில் சாகும்;
அதற்கு ஸ்லைடர் இல்லை.

கிளையண்ட் கேட்டது இவ்வளவுதான்:
மனிதர்கள் கைவிட்ட ஒரு துறைமுக நகரம்.
பன்னிரண்டு பரப்பு.
வியாழனுக்குள்.

கடையில் வாங்கலாம்.
ஸ்கேன் செய்து அடுக்கிய சுவர்கள்
துணிக்கடை பீஸ் மாதிரி சதுரம் சதுரமாக.
'சேரிச் சுவர் 4', ஆறு டாலர்.
எந்த ஊர்ச் சேரி என்று போடவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
கட்சிக்காரர் ரிசர்வ் செய்த சுண்ணாம்பு இல்லை,
கண்ணீர் அஞ்சலி ஒட்டிக் கிழிந்த
பசைத் தழும்பு இல்லை,
ஆணி இல்லை, ஆணியில் பால் பை இல்லை.
அழுக்கு மட்டும்
அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மிச்சமிருந்த வழிக்குக் காசு வேண்டாம்,
வெயில் இல்லாத அரைமணி போதும்.
நிழல் விழுந்தால் படம் கெட்டுவிடும்.
காலை ஆறுக்கு எம்.கே.பி. நகர் பின்பக்கம்
சுவரை ஒட்டி நடந்தேன்,
ஓர் அடிக்கு ஒரு படம்,
நாற்பத்திரண்டு.
தண்ணி லாரிக்குக் குடம் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா
இருபதாவது படத்தில் கேட்டாள்:
"இன்னாமா, சொவத்த இடிக்கப் போறாங்களா?"
இல்லக்கா, கேமுக்கு.
"இடிக்கிற கேமா?"
இருபத்தொன்றாவது படம்
கொஞ்சம் ஆடிவிட்டது.

காசில்லாத மென்பொருளில் கொட்டித் தைத்தேன்.
லேப்டாப் லாரி மாதிரி மூச்சு வாங்க
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து
நான் வேர்த்தேன்.
நான்கு-கே கேட்டால் உறைகிறது,
இரண்டு-கேவுக்குச் சம்மதிக்கிறது.
மேடுபள்ளமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு படம்,
சொரசொரப்பு கறுப்பு வெள்ளையில் இன்னொன்று.
சாய்ந்த குடம் வழிந்த இடம் மட்டும்
பாசியாக, வழவழவென்று.

எதையும் ஓர் உருண்டைமேல் போர்த்தித்தான்
காட்டுகிறது இந்த மென்பொருள்.
எங்கிருந்தோ விழும் வெளிச்சத்தில்
எங்கள் தெரு
மெதுவாகச் சுற்றியது.

ஓரம் சேரவில்லை.
இடது ஓரத்தில் ஒரு கரிக்கோடு,
வலது ஓரத்தில் ஒரு கரிக்கோடு.
லியோனும் பசங்களும் போட்ட கோல் போஸ்ட்.
நடுவில் ஈரப் பந்து பட்டுக் காய்ந்த வட்டங்கள்,
பெரும்பாலும் இடது மேல் மூலையில்.
'ஓரம் இணை' என்று ஒரு பொத்தான் உண்டு.
முன்னோட்டத்தில் பார்த்தேன்:
இரண்டு கம்பமும் ஒரே கம்பமாகிறது,
பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால்
கைவிட்ட நகரம் முழுக்க
கோல், கோல், கோல்,
தடுக்க ஒருவனும் இல்லாமல்.

அழிப்பானை எடுத்தேன்.
இரண்டு முறை கரியைத் துடைத்து
இரண்டு முறை கண்ட்ரோல் இசட்.

வியாழன் அனுப்பினேன்.
ராத்திரி பதில்:
சுவர் பிரமாதம்.
அந்தக் கறுப்புக் கோடு என்ன?
இந்த ஊரில்தான் ஆளே கிடையாதே.
தகரத்தில் துரு இன்னும் கொஞ்சம்.

மூலையில் மஞ்சள் பட்டை,
இலவசம் இன்றோடு முடிகிறது என்கிறது.
இம்தியாஸின் வாய்ஸ் நோட் இரண்டு
கேட்காமல் கிடக்கிறது.
'ஆள் இருக்காங்க' என்று
தமிழிலேயே அடித்துப் பார்த்துவிட்டு
அனுப்பாமல்
துருவை மட்டும்
பத்து சதவீதம் கூட்டினேன்.